கிளட்ச் எங்கே பிடிக்கிறது?

அத்தியாயம் 6

"மேடம், உங்க குலசாமி யாரா இருந்தாலும் ஒரு தடவை நெனைச்சுக்கோங்க. நான் வண்டி எடுக்கப் போறேன்."

ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இதைச் சொன்னவன் தங்கபாண்டி. தாராவியில் பிறந்து தாராவியிலேயே வளர்ந்தவன். உடம்பு அளவாக வளர்ந்து, வாய் மட்டும் அளவில்லாமல் வளர்ந்துவிட்டது. கீழே குடையோடு நின்றவள் சங்கரேஸ்வரி. மோட்டார் இன்சூரன்ஸ் க்ளெய்ம்களில் பொய்யையும் மெய்யையும் பிரிக்கும் வேலையைப் பல வருஷம் பார்த்துவிட்டு, இப்போது திலக் நகரில் ஒரு லாண்டரிக் கடைக்கு மேலே ஒற்றை அறையில் துப்பறியும் ஆபீஸ் நடத்துகிறாள். தங்கபாண்டி அவளுடைய உதவியாளன். அவனைக் கேட்டால் பார்ட்னர் என்பான்.

"பேசாம எடுடா. மழை வலுக்குறதுக்குள்ள கிளம்பணும்."

போலீஸ் ஸ்டேஷன் முற்றத்தில், பறிமுதல் செய்த பைக்குகளுக்கு நடுவில் அந்தப் பழைய வேன் நின்றது. பக்கவாட்டில் 'பிரம்மநாயகம் ஸ்டோர்ஸ், மாட்டுங்கா' என்று எழுதியிருந்தது. முன் பம்பர் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. திங்கட்கிழமை சாயங்காலம் மாட்டுங்கா பூக்கடைச் சந்தில் சீனியம்மாள் என்ற பூக்காரியை இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் ஓடியது இந்த வேன்தான். பிறகு தாராவியில், டிரைவர் இசக்கியின் வீட்டுக்குப் பக்கத்திலேயே அநாதையாக நின்றது. போலீஸ் கிரேன் வைத்து இழுத்து வந்தார்கள். ஆர்டிஓ ஆள் வந்து பிரேக்கை மிதித்துப் பார்த்தார், நன்றாகத்தான் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். சொந்தக்காரர் பிரம்மநாயகம் கையெழுத்துப் போட்டுவிட்டு, "யாராச்சும் ஆள அனுப்புறேன்" என்றபோது, "நானே கொண்டு வந்து விடுறேனே" என்று சங்கரேஸ்வரி வலியப்போய்க் கேட்டு வாங்கியிருந்தாள். மோதிய வண்டியைத் தானே ஓட்டிப் பார்ப்பது அவளுடைய பழைய க்ளெய்ம் வேலைப் பழக்கம். அவரால் மறுக்க முடியவில்லை.

தங்கபாண்டி சாவியைத் திருப்பினான். கியர் போட்டுக் கிளட்சை மெல்ல விட்டான். வண்டி நகரவில்லை. இன்னும் கொஞ்சம் விட்டான். அப்போதும் நகரவில்லை. ஆக்சிலேட்டரை மிதித்தான். எஞ்சின் உறுமியது, வேன் மட்டும் பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி அசையாமல் இருந்தது. பெடல் கிட்டத்தட்ட முழுசாக மேலே வந்த பிறகு வேன் ஒரே துள்ளாகத் துள்ளி, எதிரே கட்டிங் சாய் குடித்துக்கொண்டிருந்த கான்ஸ்டபிளுக்கு ஒரு முழம் முன்னால் போய் அணைந்து நின்றது. சாய் அவர் சட்டையில் இருந்தது.

"அரே, காய் கரதோஸ் ரே!" என்னடா பண்றே என்று மராட்டியில் கத்தினார் அவர்.

"சாரி சாகேப்! வண்டிக்கு உங்க மேல பாசம்!"

தங்கபாண்டி இறங்கி வந்தபோது முகம் வெளுத்திருந்தது. "மேடம், எட்டு வருஷமா ஓட்டுறேன். ஒரு வண்டியும் என்னை இப்படி ஏமாத்தினதில்ல. கிளட்ச் கீழயும் பிடிக்கல, நடுவுலயும் பிடிக்கல. காலை எடுக்கிற கடைசி நேரத்துல வந்து பிடிக்குது."

சங்கரேஸ்வரி வேனுக்கு முன்னால் வந்து நின்றாள். அவள் கண்கள் அந்தக் கான்ஸ்டபிளுக்கும் பம்பருக்கும் நடுவில் இருந்த ஒரு முழ இடைவெளியையே பார்த்தன.

"திங்கட்கிழமை காலையிலதான் இந்த வண்டிக்குப் புதுக் கிளட்ச் போட்டாங்க. புதுசு இப்படிப் பிடிக்கக் கூடாது, பாண்டி."

*

ஸ்டேஷன் வராந்தா பெஞ்சில் இசக்கியின் மனைவி விஜயராணி உட்கார்ந்திருந்தாள். சங்கரேஸ்வரியை இந்த வழக்குக்குள் இழுத்து வந்தவள் அவள்தான். இசக்கி குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டான். மறுநாள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தப் போகிறார்கள். அங்கேயும் 'ஆமாம்' என்று தலையாட்டிவிட்டால் லைசென்ஸ் போச்சு, பிழைப்பு போச்சு. ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடக்கும் சீனியம்மாளுக்கு ஏதாவது ஆகிவிட்டால், வருஷக்கணக்கில் ஜெயிலும் நிச்சயம்.

"அவிய செய்யலம்மா," என்றாள் விஜயராணி. "அந்த நேரம் வீட்டுல படுத்துத் தூங்கிட்டு இருந்தாவ. நான் சொன்னா போலீசு நம்ப மாட்டேங்கு. பொண்டாட்டி அப்படித்தான் சொல்லுவான்னு சிரிக்காவ."

"அப்புறம் ஏன் ஒத்துக்கிட்டார்?"

"அன்னைக்கு ராத்திரி முதலாளி போன் பண்ணுனாவ. வெளிய போய் நின்னு பேசிட்டு வந்தாவ. வந்து சோத்துல கைய வச்சிட்டு அழுதாவ. அதுக்கப்புறம் நான் என்ன கேட்டாலும் வாயத் தொறக்கல."

லாக்கப் கம்பிக்கு அந்தப் பக்கம் இசக்கி வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தான். வண்டிக்குள் சாமி படம் இருப்பதால் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுகிற டிரைவர் அவன். அந்தப் பழக்கத்தில் பாதங்கள் கல் மாதிரி காய்த்திருந்தன.

"எப்படி நடந்துச்சு, இசக்கி?"

"வேகமா வந்தேம்மா. பிரேக்கு பிடிக்கல. இடிச்சிட்டேன்." மனப்பாடம் செய்த பிள்ளை ஒப்பிக்கிற மாதிரி இருந்தது.

"பூ கட்டுற பூதத்தான் நேர்ல பார்த்திருக்கார். வண்டி வேகமா வரல, நின்னுக்கிட்டு இருந்துச்சுங்குறார். நின்ன எடத்துல உறுமுச்சாம், அப்புறம் எகிறிச்சாம். கண்ணாடியெல்லாம் மழையில பூத்துப்போய் ஆளு தெரியலையாம். ஆனா நின்ன வண்டிதான்னு சத்தியம் பண்றார்."

இசக்கி தரையைப் பார்த்தான்.

சங்கரேஸ்வரி சட்டென்று கேட்டாள். "வண்டியில கிளட்ச் எங்க பிடிக்குது?"

"மேல. காலை எடுக்கிற கடைசியில." யோசிக்காமல் வந்தது பதில். தொழிலைப் பற்றிக் கேட்டால் தொழில்காரன் வாய் பொய் சொல்ல மறந்துவிடும்.

"உங்களுக்கு அது தெரியும். தெரிஞ்ச ஆளு கையில நின்ன வண்டி ஏன் எகிறுது?"

இசக்கி கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். கண் கலங்கியிருந்தது. "நீங்க போங்கம்மா. நான் ஒத்துக்கிட்டேம்லா. முதலாளி என் குடும்பத்தப் பாத்துக்கிடுவாவ. அவிய வீட்டு உப்பத் தின்னு வளந்தவன் நான். இதுக்கு மேல என்னைக் கேக்காதிய."

வெளியே வந்ததும் தங்கபாண்டி முணுமுணுத்தான். "மேடம், உப்புக்கு இவ்வளவு நன்றியா? எங்கம்மா போடுற உப்புக்கு நான் பாத்திரம் கூடக் கழுவினதில்ல."

"அவர் யாரையோ மூடி மறைக்கிறார். முதலாளிக்காக இவர் உள்ள போறார்னா, முதலாளி யாருக்காகக் கேட்டிருப்பார்?"

"பெத்த புள்ளைக்காக." தங்கபாண்டி முதல் தடவையாகச் சிரிக்காமல் சொன்னான். "ஒரே மகன். ஆதித்யன். காலேஜ் படிக்கிறான்."

*

வேனை இப்போது சங்கரேஸ்வரியே ஓட்டினாள்; விஜயராணியும் பின்னால் ஏறிக்கொண்டாள். அவளையும் அது முதல் சிக்னலில் ஒரு துள்ளு துள்ளி அவமானப்படுத்தியது. சயானில் வழக்கம் போல எறும்பு ஊர்கிற ஜாம். நின்று, எடுத்து, நின்று, எடுத்து தாராவி வந்து சேர்வதற்குள் அவள் கால் அந்தக் கிளட்ச்சைப் படித்துவிட்டது. வண்டி வெண்ணெய் மாதிரி நகர்ந்தது.

"என்ன மேடம், அதுக்குள்ள சமாதானம் ஆயிட்டீங்க?"

"ஆமாம். ஒரே ஒரு தடவைதான் ஏமாத்துது. அதுக்கப்புறம் கால் கத்துக்குது. இதை ஞாபகம் வெச்சுக்கோ."

புதுக் கிளட்ச் போட்ட மெக்கானிக் வாசிமின் கேரேஜ் ஒரு தகரக் கொட்டகை. ஒரு டாக்சிக்கு அடியிலிருந்து வாசிமின் கால்கள் மட்டும் தெரிந்தன. வேனைப் பார்த்ததும் ஆள் முழுசாக வெளியே வந்தான். உத்தரப் பிரதேசத்துக் குடும்பம், ஆனால் தாராவியில் பிறந்ததால் தமிழில்தான் சண்டை போடுவான்.

"பெஹன்ஜி, போலீஸ் கேட்டாங்க, நான் சொல்லிட்டேன். என் வேலையில குத்தமே இல்ல."

"புதுக் கிளட்ச் ஏன் மேல பிடிக்குது? பழைய பிளேட்டையே தேய்ச்சுப் போட்டுட்டியா?"

வாசிமுக்குச் சுர்ரென்று ஏறியது. மூலையிலிருந்து ஒரு பழைய பிளேட்டை எடுத்து வந்து அவள் முன்னால் போட்டான். ஆணித்தலை தெரிகிற அளவுக்குத் தேய்ந்து போயிருந்தது. "இதோ பழசு. புதுசு வண்டிக்குள்ள இருக்கு. வேணும்னா எறக்கிக் காட்டட்டுமா?"

"வேண்டாம். அப்ப வேற என்ன? பெடலுக்கு அடியில ஏதாவது தட்டுதா?"

"சீ! பெடல் ஃப்ரீ." வாசிம் வேனுக்கு அடியில் புகுந்து டார்ச் அடித்தான். "இங்க பாருங்க. கிளட்ச் கேபிள். இந்த நட்டை எவ்வளவு முறுக்குறோமோ அவ்வளவு மேல பிடிக்கும். இதுல கடைசி மரை வரைக்கும் முறுக்கியிருக்கு."

"யாரு முறுக்கினது?"

"நான்தான்."

தங்கபாண்டி நெற்றியில் அடித்துக்கொண்டான். "கேஸ் முடிஞ்சது மேடம். இவனை உள்ள போடுங்க, இசக்கியை வெளிய விடுங்க."

"அரே சுனோ பாய், முழுசாக் கேளு! இசக்கி பாய் கேட்டுத்தான் வெச்சேன். சயான், கிங்ஸ் சர்க்கிள் ஜாம்ல நாள் பூரா பெடலைக் கீழ வரைக்கும் அமுக்கினா சாயங்காலம் முட்டி கழண்டுரும். அதனால இங்க பாதி டெம்போக்காரங்க டைட்டா வெக்கச் சொல்லுவாங்க. கொஞ்சம் அமுக்கினாலே கியர் விழணும். நான் கீழ படுத்து முறுக்குவேன், அவர் மேல உக்காந்து வெறுங்கால்ல மிதிச்சுப் பார்த்து 'இன்னும், இன்னும்'னு சொல்லுவார். டெய்லர் அளவெடுக்கிற மாதிரி. பிளேட் சீக்கிரம் கருகிரும்னு சொன்னேன். கேக்கல."

"கிளம்பும்போது எங்க போறேன்னார்?"

"நேரா குடோன். சாவியை ஆணியில மாட்டிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கப் போறேன்னார். விடியக்காலையில சரக்கு எடுக்கப் போனவர், கண்ணெல்லாம் செவந்திருந்துச்சு." வாசிம் ஸ்பேனரை எடுத்தான். "ரெண்டு சுத்து லூஸ் பண்ணினா நடுவுல வந்துரும். பண்ணித் தரேன்."

"தொடாதே!"

கேரேஜே திரும்பிப் பார்த்தது. இந்த வழக்கில் விலைக்கு வாங்க முடியாத சாட்சி அந்த நட்டு ஒன்றுதான்.

வண்டியில் ஏறியதும் அவள் தாழ்ந்த குரலில் சொன்னாள். "இசக்கி உக்காந்து அளவெடுத்து வெச்ச கிளட்ச் அது. அது அவரை ஏமாத்தாது. சீனியம்மாளை இடிச்சது, அந்தக் கிளட்ச்சை அன்னைக்குத்தான் முதல் தடவையா மிதிச்ச கால். நகரலையேன்னு ரேஸ் குடுத்திருக்கான், எகிறிருச்சு. ஆனா அதுக்கப்புறம் என்ன பண்ணினான்? ஜாம்ல வண்டியை ஓட்டிக்கிட்டுத் தாராவி வரைக்கும் வந்து விட்டுட்டுப் போயிருக்கான்."

"இடிச்சப்ப தெரியாத கால், ஓடுறப்ப கத்துக்கிச்சு."

"அதேதான். இப்ப ஆதித்யனை இந்த வண்டியை எடுக்கச் சொல்லப் போறேன். நல்லா எடுத்தான்னா ஏற்கெனவே ஓட்டியிருக்கான். எகிறினா அவன் இல்ல."

"எகிறினா முன்னால யாரு நிப்பா?"

"நீ நிக்காதே."

பின் சீட்டில் விஜயராணி இரண்டு கையாலும் முந்தானையை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

*

மாட்டுங்காவில் பிரம்மநாயகத்தின் குடோன் ஒரு பழைய கட்டடத்தின் பின்முற்றம். அரிசி மூட்டைகளும் பெருங்காய வாசமும் நிறைந்த இடம். பிரம்மநாயகம் விபூதி பூசிய நெற்றியோடு நாற்காலியில் இருந்தார். இரண்டு நாளில் பத்து வயது கூடிய முகம். பக்கத்தில் அவருடைய மைத்துனன் மகேஷ்குமார். கடை நிர்வாகம் முழுவதும் அவன் கையில்தான். ஆதித்யன் ஒரு மூட்டை மேல் உட்கார்ந்து போனைத் தேய்த்துக்கொண்டிருந்தான். மாமனும் மருமகனும் ஒரே கப்பில் சாய் மாற்றிக் குடிக்கிற அளவுக்கு நெருக்கம் என்று தெருவில் சொல்வார்கள்.

விஜயராணியைப் பார்த்ததும் பிரம்மநாயகம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வண்டி வந்துருச்சுல்லா, சந்தோஷம். சாவியக் குடுத்துட்டுக் கெளம்புங்க," என்றார்.

"ரெண்டே கேள்வி," என்றாள் சங்கரேஸ்வரி. மகேஷ்குமார் பக்கம் திரும்பினாள். "திங்கட்கிழமை இசக்கி வண்டியைத் திருப்பிக் கொண்டு வந்தாரா?"

"வரவே இல்லயே. அதத்தான் போலீஸ்லயும் சொன்னேன். காலையில ரிப்பேருக்குன்னு எடுத்துட்டுப் போனவன்தான். அதுக்கப்புறம் நான் அவனையும் பாக்கல, வண்டியையும் பாக்கல."

"போன்ல ஏதாவது பேசினாரா? கிளட்ச் இப்படி இருக்கு, அப்படி இருக்குன்னு?"

"ஒண்ணும் பேசல. கிளட்ச் மாத்துனானா, டயர் மாத்துனானான்னு கூட எனக்குத் தெரியாது மேடம். நான் இந்த வண்டியத் தொட்டே ஆறு மாசம் இருக்கும்."

"சரி." அவள் சாவியை நீட்டினாள். மகேஷ்குமாரிடம் அல்ல. "ஆதித்யா, வண்டியை உள்ள விட்டுருப்பா. எனக்கு இடுப்பு வலி."

"அவன் வேண்டாம்!"

பிரம்மநாயகம் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். தங்கபாண்டி சங்கரேஸ்வரியைப் பார்த்தான். 'பார்த்தீங்களா' என்றது அந்தப் பார்வை.

"அட, ஏன்ப்பா? லைசென்ஸ் வெச்சிருக்கேனே." ஆதித்யன் சாவியை வாங்கிக்கொண்டு ஏறிவிட்டான். குடோன் ஆட்கள் எல்லாரும் பார்க்கும்போது பிரம்மநாயகத்தால் மேற்கொண்டு தடுக்க முடியவில்லை. வாசலில் ஒரு சரக்கு டெம்போ வேறு வந்து நின்று ஹார்ன் அடித்தது. மகேஷ்குமார் அலுத்துக்கொண்டே, வேனுக்கு எதிரே சிந்திக் கிடந்த கோணிகளை ஒதுக்கக் குனிந்தான்.

எஞ்சின் பிடித்தது. ஆதித்யன் கியர் போட்டான்.

சங்கரேஸ்வரி முன் சக்கரத்தையே பார்த்தாள். இருபது வயதுப் பையன். அவன் கால் இப்போது என்ன செய்கிறதோ அதில் அவன் வாழ்க்கை இருக்கிறது, லாக்கப்பில் இருப்பவன் வாழ்க்கையும் இருக்கிறது. அவன் குற்றவாளி என்றுதான் அவள் முடிவு கட்டியிருந்தாள். அப்படி இருக்கக் கூடாதே என்றும் மனசு அடித்துக்கொண்டது.

வேன் நகரவில்லை. ஆதித்யன் புருவத்தைச் சுருக்கினான். ஆக்சிலேட்டரை அழுத்தினான். எஞ்சின் உறுமல் ஏறியது. வேன் இன்னும் நின்ற இடத்திலேயே நின்றது.

குனிந்திருந்த மகேஷ்குமார் தலையைத் தூக்கினான். முகத்தில் ரத்தமே இல்லை. கோணியைப் போட்டுவிட்டுப் பக்கவாட்டில் பாய்ந்தான். பாய்ந்துகொண்டே கத்தினான்.

"ரேஸ் குடுக்காதடா! கடைசியிலதான் பிடிக்கும், எகிறிரும்!"

அதற்குப் பிறகுதான் வேன் எகிறியது. அரிசி மூட்டைகளில் முட்டி அணைந்தது. ஒரு மூட்டை கிழிந்து அரிசி சரசரவென்று கொட்டியது. வாசலில் டெம்போக்காரன் ஹார்ன் அடிப்பதை நிறுத்திவிட்டான்.

ஆதித்யன் கதவைத் திறந்து குதித்து இறங்கினான். "மாமா, அடிபடலயே? ஐ ஸ்வேர், கிளட்ச் பிடிக்கவே இல்ல..."

சங்கரேஸ்வரி மகேஷ்குமாரின் முன்னால் போய் நின்றாள்.

"வண்டி எகிறினதுக்கு அப்புறம் கத்தியிருந்தீங்கன்னா நான் கண்டுக்கிட்டிருக்க மாட்டேன். எகிறுறதுக்கு முன்னாடியே கத்தினீங்க. கடைசியிலதான் பிடிக்கும்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

"அது... சத்தத்த வச்சு..."

"ஸ்டேஷன்ல பாண்டி எடுத்தப்போ முன்னால நின்ன கான்ஸ்டபிளுக்கும் இதே சத்தம்தான் கேட்டுச்சு. அவர் நகரவே இல்ல, சட்டை பூரா சாய். ஆறு மாசமா தொடாத வண்டி, கிளட்ச் மாத்தினதே தெரியாது, இசக்கியோட பேசவே இல்ல. இதெல்லாம் நீங்க இப்பதான் எங்க எல்லாருக்கும் முன்னால சொன்னது."

மகேஷ்குமார் இரண்டு அடி பின்னால் நகர்ந்தான். கண்கள் வாசலைத் தேடின. வாசலை டெம்போ அடைத்திருந்தது. மிச்சமிருந்த சந்தில் தங்கபாண்டி கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"வாங்க அண்ணாச்சி. உங்களுக்கு எடம் விட்டா எனக்குச் சம்பளம் கட்."

அப்போது நாற்காலி உருண்டு விழுந்த சத்தம் கேட்டது. பிரம்மநாயகம் மைத்துனனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துவிட்டார்.

"ஏலே, நீதானல சொன்ன? ஆதி சாவிய எடுத்துட்டுப் போனத என் கண்ணால பாத்தேன்னு நீதானல சொன்ன! வெளிய தெரிஞ்சா புள்ள வாழ்க்க போயிரும்னு அழுதியே! அதக் கேட்டுத்தானல நான் இசக்கிக்கு போன் போட்டேன்!"

சங்கரேஸ்வரிக்கே அது புதிது. போலீசுக்கு ஒரு கதை, வீட்டுக்கு ஒரு கதை. இரண்டும் ஒரே வாயிலிருந்து கிளம்பியிருக்கின்றன. டிரைவர் மேல் பழி போட்டது போதாதென்று, அந்த டிரைவரே பழியை ஏற்றுக்கொள்ளும்படி சொந்த அக்காள் மகனைப் பணயம் வைத்திருக்கிறான்.

மகேஷ்குமார் அரிசியின் மேலேயே சரிந்து உட்கார்ந்தான். "வேணும்னு செய்யல அத்தான். சுனாபட்டியில சின்னதா ஒரு கட பாத்து வச்சிருந்தேன். நம்ம சரக்கக் கொஞ்சம் கொஞ்சமா அங்க கொண்டு போயிட்டு இருந்தேன். அன்னைக்கு ஆணியில சாவி தொங்குச்சு. பூக்கடச் சந்துல எதிர்ல ஒரு தள்ளுவண்டி. நிறுத்தினேன். திரும்ப எடுத்தா நகரல... ரேஸ் குடுத்தேன்... அந்தப் பொம்பள குறுக்க வந்தா..."

தங்கபாண்டி ஏற்கெனவே சப்-இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டிருந்தான்.

ஆதித்யன் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு எல்லாம் மெதுவாகத்தான் புரிந்தது. "அப்பா, நான்னு நெனைச்சீங்களா?"

"அன்னைக்கு ராத்திரி நனஞ்சுட்டு வந்த. எங்க போனன்னு கேட்டா சொல்லல. போன் ஆஃப்..."

"காலேஜ்ல நாடகம்ப்பா. மராட்டி நாடகத்துல நடிக்கிறேன். சொன்னா திட்டுவீங்கன்னு சொல்லல. இருபது பேரு இருந்தாங்க அங்க. ஒரு வார்த்தை கேட்டிருந்தா கூட்டிட்டுப் போய்க் காட்டியிருப்பேனே."

பிரம்மநாயகம் விஜயராணியின் பக்கம் திரும்பினார். இரண்டு கையும் தானாகச் சேர்ந்தன. அவள் அதை ஏற்கவில்லை.

"என்னக் கும்பிட்டு என்ன ஆகப் போவுது? அவியள உள்ள உக்கார வச்சது நீங்க. அங்க வந்து சொல்லுங்க."

*

ஸ்டேஷனில் மகேஷ்குமாரை உள்ளே கூட்டிப்போய் வாக்குமூலம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். இசக்கியை லாக்கப்பிலிருந்து வராந்தாவுக்கு அழைத்து வந்தார்கள். கோர்ட் நடைமுறை பாக்கி இருக்கிறது, ஆனால் நாளைக்கு அவன் குற்றவாளியாகத் தலையாட்ட வேண்டியதில்லை என்று சங்கரேஸ்வரி எடுத்துச் சொன்னாள். விஜயராணி கணவனின் கையைப் பிடித்தாள், விடவில்லை. மூன்று நாளாக அடக்கி வைத்த அழுகை அப்போதுதான் வந்தது.

இசக்கி தன்னைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. முதலாளியைப் பார்த்து, நம்ப முடியாமல் கேட்டான்.

"அப்ப தம்பி செய்யலியா?"

"இல்ல, இசக்கி. அவன் செய்யல," என்றார் பிரம்மநாயகம்.

இசக்கியின் முகம் மலர்ந்துவிட்டது. வாசலில் தயங்கி நின்ற ஆதித்யனைப் பார்த்துச் சிரித்தான். "நல்லதா போச்சு தம்பி. என் மடியில உக்காந்து ஸ்டியரிங் பிடிச்ச புள்ள. இடிச்சிட்டு நிக்காம ஓடிட்டானேன்னுதான் எனக்குத் தூக்கமே இல்ல. ஜெயிலுக்குப் போறது கூட எனக்குப் பெருசா படல."

சொல்லிவிட்டு அவன் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. ஏதோ ஒன்று அப்போதுதான் மனதில் தட்டியது போல முதலாளியைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் கூட இல்லை. விளங்காத ஒன்றைக் கேட்கிற குரலில்தான் கேட்டான்.

"நீங்க சொன்னியன்னு நான் நம்பினேன் முதலாளி. நீங்க பெத்தவுகல்லா... நீங்க எப்படி நம்புனிய?"

பிரம்மநாயகம் அந்த வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். ஆதித்யன் அவர் பக்கத்தில் வரவில்லை. இசக்கியின் பக்கத்தில் போய் நின்றுகொண்டான்.